கனவில் கண்ட இடத்துக்கு வழி தேடிப் போனவர்கள்

கேள்வி இது: "கெல்டிக் தேவதைக் கதைகளில் வரும் கனவுகள் ரொம்ப விசித்திரமாக இருக்கின்றன. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. யாரும் அவற்றுக்குப் பலன் சொல்வதும் இல்லை. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?"

பலன் சொல்ல யாரும் வருவதில்லை என்று நீங்கள் கவனித்ததுதான் விஷயத்தின் மையம். நமக்குப் பழகிய கனவுக் கதைகள் பலவற்றில் கனவு ஒரு விடுகதை. பைபிளில் எகிப்து அரசன் ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் காண்கிறான். ஏழு வருட விளைச்சல், அப்புறம் ஏழு வருடப் பஞ்சம் என்று யோசேப்பு விடுவிக்கிறான். விடை கிடைத்ததும் பசுக்களை மறந்துவிடலாம். அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக் கதைகள் இப்படிப் போவது அபூர்வம். அங்கே ஒருவன் கனவில் ஒரு பெண்ணைக் கண்டால், அவள் எங்கேயோ நிஜமாகவே இருக்கிறாள். கோட்டையைக் கண்டால், அந்தக் கோட்டை ஏதோ ஒரு ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிறது. விழித்தெழுந்தவன் ஜோசியரைக் கூப்பிடுவதில்லை, தேட ஆள் அனுப்புகிறான். அந்தக் கதைசொல்லிகளுக்குக் கனவு என்பது ஒரு இடம். தூங்குகிறவன் அங்கே போகிறான், அல்லது அங்கிருந்து யாரோ இங்கே வருகிறார்கள். நீங்கள் சொல்லும் விசித்திரம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கருத்து.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது வேல்ஸ் நாட்டு மாபினோகியன் தொகுப்பில் உள்ள மாக்சென் கதை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மாக்சென் 32 அரசர்களோடு வேட்டைக்குப் போகிறார். உச்சி வெயிலில் தூக்கம் வருகிறது. பணியாட்கள் ஈட்டிகளை நட்டு, கேடயங்களை அவற்றின் மேல் நிறுத்தி நிழல் கட்டுகிறார்கள். தூக்கத்தில் அவர் ஒரு ஆற்றின் ஓரமாகவே அதன் ஊற்று வரை போகிறார். வானத்தைத் தொடுகிற மலை ஒன்றைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறார். சமவெளி, பெரிய ஆறுகள், கடற்கரையில் ஒரு நகரம், துறைமுகத்தில் கப்பல்கள். அதில் பெரிய கப்பலுக்கு ஒரு பலகை தங்கம், அடுத்த பலகை வெள்ளி. திமிங்கில எலும்பால் ஆன பாலத்தில் ஏறிக் கப்பலுக்குள் போகிறார். கப்பல் ஒரு தீவை அடைகிறது. அந்தத் தீவைக் கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை கடந்து போனால் கரடுமுரடான மலைகள், அதற்கு அப்பால் ஆற்றின் வாயில் ஒரு கோட்டை. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே இரண்டு இளைஞர்கள் வெள்ளிப் பலகையில் தங்கக் காய்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நரைத்த தலையோடு ஒரு பெரியவர் தந்த நாற்காலியில் உட்கார்ந்து, தங்கத்தை அராவிப் புதிய காய்கள் செய்துகொண்டிருக்கிறார். செம்பொன் நாற்காலியில் ஒரு பெண். சூரியனைப் போல அவளையும் நேராகப் பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து வருகிறாள், அவர் அவளைத் தழுவுகிறார், இருவரும் அதே நாற்காலியில் உட்காருகிறார்கள். ஒருவர் உட்கார்ந்தபோது எவ்வளவு இடம் இருந்ததோ, இருவர் உட்கார்ந்தபோதும் அவ்வளவு இடம் இருந்தது என்கிறது கதை.

கனவு கண்ட எவருக்கும் இந்த நாற்காலி தெரிந்திருக்கும். கனவில் அளவுகள் தகராறு செய்வதில்லை. அதைவிட நுட்பமானது அவர் விழிக்கிற விதம். கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கும்போது வேட்டை நாய்கள் வாரை இழுக்கின்றன, நட்டு வைத்த கேடயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஈட்டித் தண்டுகள் தட்டுகின்றன, குதிரைகள் கனைத்துக் கால் உதைக்கின்றன. நிழலுக்காக வைத்த கேடயமே எழுப்பிவிடுகிறது. இதை எழுதியவர் தூக்கத்தைக் கூர்ந்து கவனித்தவர்.

அப்புறம் சக்கரவர்த்திக்குச் சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, தூக்கம் மட்டும். தூங்கினால்தான் அவளைப் பார்க்க முடியும். உலகின் மூன்று பகுதிகளுக்கும் தூதர்களை அனுப்பி ஒரு வருடம் தேடுகிறார்கள், துப்பு கிடைக்கவில்லை. பிறகு ஒருவர் யோசனை சொல்கிறார்: அன்று வேட்டையாடின காட்டுக்கே போங்கள், எந்தத் திசையில் நடந்தீர்கள் என்று பாருங்கள். மாக்சென் அந்த ஆற்றங்கரைக்குப் போய், இங்கேதான் நின்றேன், மேற்கே ஆற்றின் ஊற்றை நோக்கி நடந்தேன் என்று காட்டுகிறார். 13 தூதர்கள் புறப்படுகிறார்கள். மலை இருக்கிறது. சமவெளி, கப்பல், தீவு எல்லாம் சொன்ன வரிசையிலேயே வருகின்றன. கோட்டைக்குள் போனால் இளைஞர்கள் இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெரியவர் இன்னும் காய் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். பெண்ணின் பெயர் எலென். ரோமாபுரி மகாராணியே வாழ்க என்று மண்டியிடுகிறவர்களை அவள் சந்தேகமாகப் பார்த்து, என்னைக் கேலி செய்கிறீர்களா என்று கேட்கிறாள். சக்கரவர்த்திக்கு என் மேல் ஆசை என்றால் அவரே இங்கே வரட்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். அவரும் வருகிறார்.

இதைப் படிக்கும்போது நமக்கு உஷையின் கதை நினைவுக்கு வரும். பாணாசுரன் மகள் கனவில் ஒருவனைக் கண்டு மயங்குகிறாள். தோழி சித்திரலேகை ஒவ்வொரு முகமாக வரைந்து காட்ட, அநிருத்தனின் முகம் வந்ததும் தெரிந்துவிடுகிறது. கனவுக் காதலில் தொடங்கும் கதைகள் பல தேசங்களில் உண்டு. ஆனால் உஷைக்கு அடையாளம் முகம், மாக்செனுக்கு அடையாளம் நிலம். ஆறு, மலை, கடல், தீவு என்று போகிற பாதைதான் அவருடைய சாட்சி.

அந்த நிலமும் கற்பனை இல்லை. மாக்சென் என்பது மாக்னஸ் மாக்சிமஸ் என்ற நிஜ மனிதர். கி.பி. 383இல் பிரிட்டனில் இருந்த ரோமப் படைகள் அவரைச் சக்கரவர்த்தியாக அறிவித்தன, 388இல் கொல்லப்பட்டார். கதையில் வரும் கோட்டை இன்றைய கேர்னார்வன் ஊரில் இருக்கிறது. அங்கே செகோன்டியம் என்ற ரோமக் கோட்டையின் இடிபாட்டை இன்றும் பார்க்கலாம். யார் கட்டியது என்று பாதி மறந்துபோன கல் கட்டடங்கள் கண்ணெதிரே நிற்க, அவற்றுக்கு ஒரு கனவைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் 1283இல் அதே ஊரில் பெரிய கோட்டை கட்டத் தொடங்கியபோது இந்தக் கதையை மனதில் வைத்துத்தான் அதன் தோற்றத்தை வடிவமைத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

அயர்லாந்துக்குப் போனால் இதே எண்ணம் இன்னும் பழைய, இன்னும் மென்மையான வடிவத்தில் கிடைக்கிறது. ஏங்கஸ் என்ற தெய்வ இளைஞன் தூங்கும்போது படுக்கை அருகே ஒரு பெண் நிற்கிறாள். கையைப் பிடித்து இழுக்கப் போனால் மறைந்துவிடுகிறாள். மறுநாள் இரவு ஒரு நரம்பு வாத்தியத்தோடு வந்து வாசிக்கிறாள், அவன் உறங்கிப்போகிறான். ஒரு வருடம் இப்படியே நடக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, உடம்பு இளைக்கிறது. மருத்துவர் ஃபிங்கென் மட்டும் முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கிறார். பிறகு நடப்பது ஒரு நில அளவை மாதிரியே இருக்கிறது. தாய் போவன் அயர்லாந்து முழுக்க ஒரு வருடம் தேடுகிறாள், கிடைக்கவில்லை. தந்தை தாக்தா, மன்ஸ்டர் பகுதியின் தேவதை அரசனான போவிடம் சொல்லி அனுப்ப, அவர் இன்னொரு வருடம் தேடிக் கண்டுபிடிக்கிறார். ஒரு மலை ஏரிக்கரையில் 150 பெண்கள், இரண்டிரண்டு பேரை வெள்ளிச் சங்கிலி இணைத்திருக்கிறது. அவர்களில் ஒருத்திதான் அவள், பெயர் கேர். அவள் ஒரு வருடம் பெண்ணாகவும் மறு வருடம் அன்னமாகவும் இருக்கிறவள். சாமின் நாளில், அதாவது நவம்பர் தொடக்கத்தில் குளிர்காலம் பிறக்கிற அன்று, ஏங்கஸ் ஏரிக்கரையில் நின்று அழைக்கிறான். தண்ணீருக்குத் திரும்பிப் போக விடுவாயா என்று அவள் கேட்கிறாள். விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அவனும் அன்னமாகிறான். இருவரும் ஏரியை மூன்று முறை சுற்றிவிட்டு அவன் வீட்டுக்குப் பறந்துபோய்ப் பாடுகிறார்கள். பாட்டைக் கேட்டவர்கள் மூன்று பகல் மூன்று இரவு தூங்கிவிட்டார்களாம்.

அந்த வீடு பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது. இன்று நியூகிரேஞ்ச் என்று அழைக்கப்படும் அந்தக் கல்மேடு கி.மு. 3200 அளவில் கட்டப்பட்டது. குளிர்கால நீள் இரவு முடிந்து சூரியன் உதிக்கும்போது ஒளி நேராக அதன் உள்ளறைக்குள் போகும். கெல்டிக் தேவதைகள் வாழ்வது இப்படிப்பட்ட மேடுகளுக்குள்தான். ஆகவே அவர்களுடைய உலகம் மேலே எங்கோ வானத்தில் இல்லை, மாடு மேய்கிற மேட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. தூக்கம் அதற்கு ஒரு வாசல், சாமின் இரவு இன்னொரு வாசல். சில கதைகளில் இரண்டும் சேர்ந்தே திறக்கின்றன.

அப்படித் திறந்தால் அடியும் படலாம். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதி வீரன் கூ ஹுலின் சாமின் சமயத்தில் ஏரியில் வந்த இரண்டு மாயப் பறவைகள் மேல் கல் எறிந்துவிட்டு, கோபத்தோடு ஒரு நடுகல்லில் சாய்ந்து தூங்கிப்போகிறான். பச்சை மேலங்கி உடுத்த ஒருத்தியும் சிவப்பு மேலங்கி உடுத்த ஒருத்தியும் வருகிறார்கள். சிரித்துக்கொண்டே குதிரைச் சவுக்கால் மாறி மாறி அடிக்கிறார்கள், சாகும் நிலை வரை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பப் போக, வேண்டாம், அவன் ஏதோ தரிசனம் காண்கிறான் என்று ஃபெர்கஸ் தடுக்கிறான். விழித்த கூ ஹுலினால் பேச முடியவில்லை. அடுத்த சாமின் வரை ஒரு வருடம் படுக்கைதான். உடம்பு இங்கே கல்லோரம் கிடந்தது, சவுக்கு பட்டது அங்கே, நோய் இங்கே.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். வேல்ஸின் போவிஸ் பகுதியை ஆண்ட மடோக் ஆப் மரெடித் என்ற அரசர் 1160இல் இறந்தவர். அவருடைய தம்பி கலகம் செய்கிறான், அவனைத் தேடிப் போகிற வீரர்களில் ஒருவன் ரொனாபுய். இரவு தங்க ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். கறுத்துப்போன பழைய கூடம், புகை மண்டிக் கிடக்கிறது. தரை மேடும் பள்ளமும். மேட்டில் நின்றால் மாட்டு மூத்திரத்தில் கால் வழுக்குகிறது, பள்ளத்தில் வைத்தால் கணுக்கால் வரை முங்குகிறது. மாடுகள் நுனி தின்றுவிட்டுப் போட்ட முள்ளிலைக் கிளைகள் தரையெங்கும். ஒரு கிழவி குளிரும்போதெல்லாம் மடி நிறைய உமியை அள்ளி நெருப்பில் போடுகிறாள், புகை மூக்கைப் பிளக்கிறது. சாப்பிட வாற்கோதுமை ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர் ஊற்றிய பால். வெளியே மழையும் காற்றும். படுக்கை என்பது தெள்ளுப்பூச்சி நிறைந்த, தூசி படிந்த வைக்கோல், ஓட்டைப் போர்வை. கூட வந்தவர்கள் எப்படியோ தூங்கிவிடுகிறார்கள். ரொனாபுய் மட்டும் எழுந்துபோய், மேடையில் விரித்திருந்த மஞ்சள் எருத்துத் தோலின் மேல் படுக்கிறான். படுத்ததுமே கனவு தொடங்குகிறது.

கனவில் அவன் தோழர்களோடு செவர்ன் ஆற்றுத் துறையை நோக்கிப் போகிறான். வழியில் இதவ்க் என்பவன் சேர்ந்துகொள்கிறான். பிரிட்டன் பழங்கதைகளின் நாயகனான ஆர்தர் அரசன் சமாதானத்துக்காகச் சொல்லி அனுப்பிய நல்ல வார்த்தைகளைக் கெட்ட வார்த்தைகளாக மாற்றிச் சொல்லி, கம்லான் யுத்தத்தை மூட்டிவிட்டவன் அவன். ஆர்தர் வீழ்ந்த யுத்தம் அது. அதற்காக ஏழு வருடம் பிராயச்சித்தம் செய்து முடித்துவிட்டேன் என்கிறான். சரி, அப்படியானால் எல்லாம் முடிந்துபோன கதை என்று நாம் நினைக்கும்போது, ஆற்றின் தீவில் ஆர்தரே உட்கார்ந்திருக்கிறார். கம்லானுக்குப் பல வருடம் முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் பேடன் யுத்தத்துக்கு இனிமேல்தான் புறப்படப் போகிறார்! காலம் தலைகீழாக ஓடுகிறது, கதைக்குள் யாரும் அதைக் கேட்பதில்லை. கனவுக்குள் இருக்கிற யார்தான் கேட்பார்கள்?

ஆர்தர் ரொனாபுயையும் தோழர்களையும் பார்த்து, இந்தச் சின்ன மனிதர்களை எங்கே பிடித்தாய் என்று இதவ்கிடம் கேட்கிறார். முன்பு இந்தப் பிரிட்டன் தீவைக் காத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள், இன்று காக்கிறவர்கள் இவர்களா என்று வருந்துகிறார். கனவு கண்டவன் கனவைப் பார்க்கிறான் என்பதுதான் வழக்கம். இங்கே கனவு அவனைத் திரும்பிப் பார்த்து, அளந்து, போதாது என்கிறது. அந்த அழுக்கு வீட்டை அவ்வளவு விலாவாரியாக எழுதியதன் காரணம் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. ரொனாபுயின் காலம் அந்த வீடு.

இதவ்க் ஒரு விஷயமும் சொல்கிறான்: ஆர்தர் கையில் உள்ள மோதிரக் கல்லைப் பார்த்துக்கொள், பார்க்காவிட்டால் இன்று கண்ட எதுவும் உனக்கு நினைவில் நிற்காது. கனவு ஏன் விழித்ததும் நழுவிப்போகிறது என்ற கேள்வியைக் கதை யோசித்திருக்கிறது, அதற்கு ஒரு பொருளையும் வைத்திருக்கிறது.

பிறகு ஆர்தரும் அவருடைய வீரன் ஓவைனும் பலகை ஆட்டம் ஆடுகிறார்கள். ஆர்தரின் ஆட்கள் ஓவைனின் காக்கைகளைத் துன்புறுத்துவதாகச் செய்தி வருகிறது. உங்கள் உத்தரவா என்று ஓவைன் கேட்டால், ஆடு என்கிறார் ஆர்தர். மூன்றாவது செய்திக்கு ஓவைன் கொடியை உயர்த்தச் சொல்கிறான். காக்கைகள் எழும்பி ஆட்களைக் கிழித்துப் போடுகின்றன. இப்போது ஆர்தர் நிறுத்தச் சொன்னால், ஆடுங்கள் அரசே என்கிறான் ஓவைன். கடைசியில் ஆர்தர் தங்கக் காய்களைப் பொடியாக நொறுக்கிய பிறகுதான் சண்டை ஓய்கிறது. எதற்கு ஆரம்பித்தது? கதை சொல்லவே இல்லை. ரொனாபுய் விழிக்கும்போது மூன்று இரவும் மூன்று பகலும் போயிருக்கின்றன, அவ்வளவுதான். குதிரைகள், ஆடைகள், ஆயுதங்களின் நிறங்கள் இத்தனை இருப்பதால் எந்தப் பாணனாலும் புத்தகம் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது என்ற குறிப்போடு கதை முடிகிறது. 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செம்புத்தகம் என்ற ஒரே சுவடியில்தான் இது நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த மாட்டுத்தோலைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். பழைய அயர்லாந்துக் கதைகளில் அரசனைத் தேர்ந்தெடுக்க ஒரு சடங்கு வருகிறது: காளையை அறுத்து, அதன் இறைச்சியையும் சாற்றையும் ஒருவனுக்கு வயிறு நிறையக் கொடுத்துத் தூங்க வைப்பார்கள். அவன் கனவில் காண்பவன்தான் அடுத்த அரசன். 1703இல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய மார்ட்டின் மார்ட்டின், எதிர்காலம் அறிய ஒருவனை மாட்டுத்தோலில் சுற்றி இரவு முழுக்கத் தனியே விட்டுவிடும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஆய்வாளர்கள் ரொனாபுயின் தோலையும் இந்த வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். கனவு தானாக வருவதற்குக் காத்திராமல், அந்த இடத்துக்குப் போக வழி செய்துகொண்டார்கள்.

நாட்டுப்புறக் கதைகளிலும் இதே வாடை அடிக்கும். ஜோசப் ஜேக்கப்ஸ் 1894இல் வெளியிட்ட தொகுப்பில் ஓவன் ஓ'முல்ரெடி என்ற ஒரு கூலியாள் வருகிறான். வாழ்க்கையில் ஒரு கனவுகூடக் கண்டதில்லை என்பதுதான் அவன் குறை. அடுப்பு நெருப்பை அகற்றிவிட்டு அந்த இடத்திலேயே படு என்று எஜமானர் வழி சொல்லிக் கொடுக்கிறார். தோலுக்குப் பதில் அடுப்படி. படுத்தால் ஒரே இரவில் சந்திரன் வரை போய்விடுகிறான். ஸ்காட்லாந்தில் ஹியூ மில்லர் எழுதி வைத்த கதையோ நாலே வரி. இரண்டு பேர் ஓடைக்கரையில் படுத்திருக்கிறார்கள். தூங்குகிறவன் வாயிலிருந்து வண்டு அளவு ஏதோ ஒன்று வெளியே வந்து, புல் தண்டுகள் மேல் ஏறி ஓடையைக் கடந்து, ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் போகிறது. நண்பன் பயந்து உலுக்க, அது அவசரமாகத் திரும்பி வந்து வாய்க்குள் நுழைகிறது. எழுந்தவன் கோபப்படுகிறான்: பெரிய ஆற்றை வெள்ளிப் பாலத்தில் கடந்து ஒரு மாளிகைக்குப் போனேன், தங்கத்தை அள்ளப் போகும் நேரத்தில் எழுப்பிவிட்டாயே! பார்த்தவனுக்கு ஓடை, கண்டவனுக்கு ஆறு. இரண்டும் ஒரே இடம்தான்.

எல்லாக் கெல்டிக் கனவுகளையும் இந்த ஒரு சாவியால் திறக்க முடியாது. இந்தக் கதைகளை ஏட்டில் எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகளும் படித்த எழுத்தர்களும். அவர்களுக்குப் பைபிள் கனவுகளும் தெரியும், மகான்களின் தரிசனக் கதைகளும் தெரியும். 12ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் மாக் கொன் க்ளின்னெ என்ற புலவன், பெருந்தீனிப் பேய் பிடித்த அரசனைக் குணப்படுத்தத் தன் தரிசனத்தைச் சொல்கிறான். பால் ஏரியில் கொழுப்புப் படகு என்று முழுக்கச் சாப்பாட்டு மயம். அது அந்தத் தரிசனக் கதைகளையே கிண்டல் செய்வது. 18ஆம் நூற்றாண்டில் ஏகன் ஓ ராஹில்லி போன்ற ஐரிஷ் கவிஞர்கள் கனவில் வந்து புலம்பும் அழகியாக அயர்லாந்தையே பாடினார்கள். அங்கே பெண் ஒரு குறியீடு, அவளைத் தேடி யாரும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை.

படிக்கத் தொடங்குவதென்றால் மாக்செனில் தொடங்குங்கள், வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கும். ஏங்கஸ் கதை சில பக்கம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ரொனாபுயைக் கடைசியில் வையுங்கள், அதற்கு முன்னால் ஆர்தர் வரும் கில்ஹுக்–ஓல்வென் கதையைப் படித்துவிடுங்கள். அதில் ஆர்தரின் அவையில் யார் யார் இருந்தார்கள், என்னென்ன செய்தார்கள் என்று நீளமான பட்டியலே வரும். அதைத் தெரிந்துகொண்டு வந்தால்தான், ஆற்றுத் தீவில் உட்கார்ந்து அவர் ரொனாபுயைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு உறைக்கும் என்று தெரியும்.